ஏழாம் நாளுக்குள்

பணி ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நம் கண் தொகையைத் தேடுகிறது. அத்தொகை எந்நாளில் வரும் என்று கூறும் வரியைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். இந்தியாவில் அந்த வரிக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு.

1920களில் ஆலைத் தொழிலாளர் பலர் மாதம் முழுதும் உழைத்தபின், அடுத்த மாதத்திலும் பல நாள் காத்திருந்தே சம்பளம் பெற்றனர். இடைப்பட்ட நாள்களைக் கடன் வாங்கிக் கழித்தனர். ஆனால் முதற்கடன் கொடுத்தவர் தொழிலாளியே. உழைப்பை முன்னதாகத் தந்துவிட்டு, அதன் விலையை வட்டியின்றி முதலாளியிடம் விட்டுவைத்திருந்தார். 1925இல் வாரந்தோறும் ஊதியம் வழங்கக் கோரும் தனிநபர் மசோதா ஒன்று மத்தியச் சட்டமன்றத்தின் முன் வந்தது. 1926இல் இந்திய அரசு, ஊதியத் தாமதம் குறித்தும் அபராதப் பிடித்தம் குறித்தும் மாகாண அரசுகளிடம் விசாரித்தது. 1929இல் அமைந்த விட்லி ஆணையம் 1931இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1937 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் தொழிற்சாலைகளிலும் இரயில்வேயிலும் மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாக ஊதியம் பெற்றோரே அதன் பாதுகாப்புக்குள் இருந்தனர்.

இச்சட்டத்தின் மொழி கவனிக்கத்தக்கது. சம்பளத் தேதி இன்னது என்று அது எங்கும் குறிக்கவில்லை. ஊதியக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டலாகாது என்றது. அக்காலத்தின் கடைசி நாளுக்குப் பின், ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனங்களில் ஏழாம் நாள் முடிவதற்குள்ளும், பிறவற்றில் பத்தாம் நாள் முடிவதற்குள்ளும் ஊதியம் தரப்படவேண்டும் என்றது. 'ஏழாம் நாளில்' என்பது ஒரு நாளைச் சுட்டும். 'ஏழாம் நாளுக்குள்' என்பது ஓர் எல்லையை வரையும். எல்லைக்கு இப்பால் எந்த நாளையும் ஒப்பந்தம் தேர்ந்துகொள்ளலாம்: மாதத்தின் கடைசி வேலைநாள், முதல் தேதி, ஐந்தாம் தேதி. எல்லையைத் தாண்ட ஒப்பந்தத்திற்கு உரிமையில்லை. சட்டம் தந்த உரிமையைத் தொழிலாளி கையொப்பமிட்டுத் துறந்தாலும் அந்த உடன்பாடு செல்லாது என அதே சட்டம் கூறியது. நிலையாணைகள் பற்றிய 1946ஆம் ஆண்டுச் சட்டம், சம்பள நாளைத் தொழிலாளர்க்கு அறிவிக்கும் முறையும் எழுத்தில் இருக்கவேண்டும் என்றது.

2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்தாம் நாள் என்ற சலுகை அதில் இல்லை. மாத ஊதியம் அடுத்த மாதத்தின் ஏழாம் நாள் முடிவதற்குள். நாட்கூலி அன்றைய பணிமுறை முடிவில். பணியிலிருந்து விலகுவோர்க்கும் விலக்கப்படுவோர்க்கும் இரண்டு வேலைநாள்களுக்குள். ஊதிய வரம்பும் நீங்கியது. ஊழியர் என்ற வரையறைக்குள் வரும் அனைவர்க்கும் இவ்விதி பொருந்தும்.

அவ்வரையறைக்கு வெளியே நிற்போரை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆய்வு உதவித்தொகை பொதுவாக ஊதியமாகக் கொள்ளப்படுவதில்லை. தில்லியில் வாடகை மாதந்தோறும் தவறாமல் கேட்கப்படுகிறது. என் கையிலுள்ள உதவித்தொகை ஆணையிலோ தொகை இருக்கிறது, கால அளவு இருக்கிறது. 'உள்' என்ற சொல் இல்லை. 1920களின் ஆலைத் தொழிலாளி கொடுத்த அதே கடனை ஆய்வாளர் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.