உலகக் கிண்ணத்தை விட்டுப் போன ரஷீத் மக்லூபி



பிரான்ஸ் அணி என்றால் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸிதானையும் பென்சிமாவையும் தெரியும். இருவரின் குடும்பமும் அல்ஜீரியாவில் இருந்து போனது. அவர்களுக்கு வெகு காலம் முன்பே பிரான்ஸுக்கும் விளையாடி, அல்ஜீரியாவுக்கும் விளையாடிய ஒருவர் இருந்தார். அவர்தான் ரஷீத் மக்லூபி.

1936இல் செத்திஃப் நகரில் பிறந்தவர். அப்போது அல்ஜீரியா பிரான்ஸின் பிடியில் இருந்தது. 1945 மே 8, ஐரோப்பாவில் உலகப் போர் முடிந்த நாள். அதே நாளில் சுதந்திரம் கேட்டுச் செத்திஃபில் ஊர்வலம் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தொடர்ந்து வந்த அடக்குமுறையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மக்லூபிக்கு அப்போது 8 வயது.

1954இல் பிரான்ஸின் செந்த் எத்தியென் கழகத்தில் சேர்ந்தார். முன்கள வீரரான அவர் 1957இல் கழகம் லீக் சம்பியனாகக் காரணமானவர்களில் ஒருவர். பிரான்ஸ் தேசிய அணிக்கும் 4 போட்டிகளில் ஆடினார். 1958 உலகக் கிண்ணத்துக்கும் அவர் பெயர் பேசப்பட்டது.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஏப்ரலில், அவரும் வேறு சில அல்ஜீரிய வீரர்களும் இரகசியமாகப் பிரான்ஸை விட்டு வெளியேறினார்கள். அவர் சுவிஸ், இத்தாலி வழியாகத் தூனிஸ் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சு இராணுவ சேவையில் இருந்த நேரம் அது. பிடிபட்டிருந்தால் இராணுவத்தை விட்டு ஓடியவர் என்ற குற்றம்தான். வயது 21. சம்பளம், புகழ், உலகக் கிண்ணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்.

தூனிஸில் தேசிய விடுதலை முன்னணியின் அணி உருவானது. நாடு இன்னும் பிறக்கவில்லை, அணி பிறந்துவிட்டது! பீஃபா அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம் என்று நான்கு வருடம் சுற்றி விளையாடினார்கள். பலமான யூகோஸ்லாவியாவை 6-1 என்று வென்றார்கள். போன இடமெல்லாம் அல்ஜீரியாவின் கொடியையும் கொண்டு போனார்கள்.

1962இல் சுதந்திரம் கிடைத்தது. சுவிஸின் செர்வெத் கழகத்தில் சில காலம் ஆடிவிட்டு, அதே வருடம் செந்த் எத்தியெனுக்கே திரும்பினார். போர் முடிந்து சில மாதங்கள்தான். இரு பக்கமும் காயம் ஆறவில்லை. ஆனாலும் அந்தச் சுரங்கத் தொழிலாளர் நகரம் அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்த கழகம் 1964, 1967, 1968 என மூன்று முறை சம்பியனானது. 1968 பிரெஞ்சுக் கிண்ண இறுதிப் போட்டியில் போர்தோவை 2-1 என்று வென்றபோது, இரண்டு கோலும் மக்லூபியுடையது. கிண்ணத்தை வழங்கியவர் ஜனாதிபதி டி கோல்!

பிறகு அல்ஜீரியாவின் பயிற்றுவிப்பாளர்களில் ஒருவரானார். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2-1 என்று வீழ்த்தியபோது அவரும் பொறுப்பில் இருந்தார். 2024 நவம்பரில் வபாத்தானார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மக்லூபி தன் மக்களை ஆண்ட அநியாயத்தை எதிர்த்தார். அதற்காகத் தன்னோடு விளையாடிய பிரெஞ்சுக்காரரை, தனக்காகக் கைதட்டிய ஊரை வெறுக்கவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.