எல்லை மாறிய ஊரும் வைத்தியச் செலவும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக வடக்கே செல்லும் சாலை பாலாற்றைக் கடந்தவுடன் தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து பிரியும் சாலை காட்டினூடே சென்று, காவிரிக்கு அருகிலுள்ள கோபிநத்தம் என்னும் சிற்றூரை அடைகிறது. தமிழ் பேசுவோர் மிகுந்த ஊர் அது. வீரப்பன் பிறந்த ஊர் என்று பத்திரிகை படிப்போர் அதனை அறிவர். நாம் பேச எடுத்துக்கொண்டது அக்கதையன்று. நோய் வந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு, சர்க்காரின் ஏற்பாடுகளோடு சேர்ந்து எவ்வாறு மாறி வந்தது என்பதை இவ்வூரை முன்னிட்டு ஆராய்வதே நம் நோக்கம்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயமுத்தூர்ச் சீமை கும்பினியார் வசமாயிற்று. கொள்ளேகால் தாலுகா அந்த ஜில்லாவைச் சேர்ந்து, சென்னை ராஜதானியில் அடங்கியிருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அது மைசூர் ராஜ்யத்துக்குச் சென்று மைசூர் ஜில்லாவில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி ஜில்லாவானபோது அதனுள் வந்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வேறு மாநிலம் புகுந்தவர் நம்மில் பலர். கோபிநத்தத்தார் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே வேறு மாநிலத்தாராயினர்.

பழைய ராஜதானியில் ஸ்தல ஸ்தாபனங்கள் தாலுகா ஊர்களில் ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் நடத்தி வந்தன. இவை போதாமையால் 1924-இல் கிராம வைத்திய உதவித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கிராமத்தில் குடியிருந்து தொழில் நடத்த இசையும் டாக்டருக்குச் சர்க்கார் மானியம் தரும்; அவர் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்தல் வேண்டும்; வசதியுள்ளோரிடம் கட்டணம் பெறலாம். எளிய ஏற்பாடுதான். ஆயினும், நோயாளி டாக்டரைத் தேடி அலைவதைவிட டாக்டர் கிராமத்துக்கு வருவதே செலவைக் குறைக்கும் என்னும் அறிவு அதில் இருந்தது. இதை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1943-இல் அமைக்கப்பெற்ற போர் குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் அங்கத்தினர். பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பதே அவ்வறிக்கையின் ஆதார சுருதி. முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது குழு. பிற்காலத்தில் இக்கணக்கு சமவெளியில் 30,000 என்றும், மலைப்பகுதியில் 20,000 என்றும் திருத்தப்பட்டது. ஆனால் தலைகளை எண்ணி நிலையம் அமைக்கும் முறை காட்டூர்களுக்கு ஒவ்வாது. ஜனங்கள் அருகி வாழும் மலைநாட்டில் இருபதினாயிரம் பேர் சேர்வதற்குள் எத்தனை மலைமுகடுகள் குறுக்கிடும்! மருந்து இலவசமாயினும் வண்டிக் கூலி உண்டு. உடன் செல்பவரின் ஒருநாள் கூலியும் போய்விடும். இவ்விரண்டும் எந்த ஆஸ்பத்திரிப் பில்லிலும் ஏறுவதில்லை.

இந்தக் குறையைக் கண்ணெதிரே கண்டு செயலாற்றியவர் வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ். வீரப்பனைப் பிடிக்க வந்த அவர் கோபிநத்தத்திலேயே தங்கி, மருந்தகம், குடிநீர் முதலிய வசதிகளை ஊராருக்கு ஏற்படுத்தினார்; மாரியம்மன் கோயிலையும் எடுத்துக் கட்ட உதவினார். 1991-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி, சரணடைய விரும்புவதாக வந்த செய்தியை நம்பிச் சென்றவர் கொல்லப்பட்டார். மறு ஆண்டு கீர்த்தி சக்கரம் வழங்கப்பெற்றது. வன இலாகா அதிகாரி மருந்தகம் வைக்க நேர்ந்தது அவருக்குப் பெருமை. அதற்குரிய இலாகாவுக்குப் பெருமை என்று நாம் சொல்ல இயலவில்லை.

இதற்கிடையே மருந்தின் விலையிலும் மாறுதல் நேர்ந்தது. 1970-இன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்தது. ஆகவே நம் நாட்டுக் கம்பெனிகள் வேறு முறைகளில் அதே மருந்தைத் தயாரித்து மலிவாக விற்றன. பொருளுக்கும் காப்புரிமை 2005-இல் மீண்டும் வந்தது. விலைக் கட்டுப்பாட்டுக்குள் 1979-இல் 347 மருந்துகள் இருந்தன; 1987-இல் 142; 1995-இல் 74. 1995-இலேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பல மாநிலங்கள் பின்பற்றிய நல்ல முறை அது.

ஆயினும் குடும்பத்தின் சுமை நீங்கியதா? 2014-ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, ஒருமுறை ஆஸ்பத்திரியில் தங்கினால் அரசு நிலையத்தில் சராசரி 6,120 ரூபாயும், தனியார் நிலையத்தில் 25,850 ரூபாயும் செலவாயின. கிராமக் குடும்பங்கள் இச்செலவில் நூற்றுக்கு 25 பங்கைக் கடன் வாங்கியே சமாளித்தன. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று அரசுக் கணக்கு கூறுகிறது. மகிழத்தக்கதே, எனினும் பங்கு குறைந்தால் தொகையும் குறைந்தது என்று பொருளாகாது.

பங்கு குறைந்ததற்குக் காப்பீட்டுத் திட்டங்களும் ஒரு காரணம். கர்நாடகத்தில் கூட்டுறவு விவசாயிகளுக்கான யசஸ்வினி 2003-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் பெயரிலும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்ற பெயரிலும் திட்டங்கள் எழுந்தன. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் தோன்றியது; ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இங்கேதான் எல்லைக் கோடு குறுக்கே நிற்கிறது. கோபிநத்தத்தாருக்குப் பேச்சாலும் உறவாலும் நெருங்கியவை மேட்டூரும் சேலமும். அவர்களது ரேஷன் அட்டையோ கர்நாடகத்தினுடையது. தமிழ்நாட்டுத் திட்டம் தமிழ்நாட்டு அட்டைக்கு உரியது. கர்நாடக ஏற்பாட்டின்படி முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குச் சென்று, அங்கு இயலாத சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுதல் வேண்டும் என்று 2018-இல் விதிக்கப்பட்டது. அதற்கு மாதேஸ்வரன் மலையைத் தாண்டி எதிர்த்திசையில் பயணம். 2016-இல் சாமராஜநகரில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது உண்மையே. சாலையின் நீளம் அதனால் குறையவில்லை.

ஆயுஷ்மான் பட்டியலில் இடம்பெற்ற குடும்பம் எம்மாநிலத்திலும் இணைந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். அப்பட்டியலுக்கு அடிப்படை 2011-இன் கணக்கெடுப்பு. டில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர், தம் அட்டை எந்த ஊரில் இருக்கிறது, அப்பட்டியலில் தம் பெயர் உண்டா என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வைத்தல் நலம். அறுவைச் சிகிச்சைக்காக ரயிலேறி ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் நமக்குப் புதியனவல்ல.

இத்திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தோருக்கே உதவுவன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை இவற்றுள் அடங்காது. அதற்கென 2021-இல் தமிழ்நாடு 'மக்களைத் தேடி மருத்துவம்' என வீட்டுக்கே மருந்து கொண்டு செல்லும் முறையைத் தொடங்கிற்று. கர்நாடகமும் 2024-இல் கோலாரில் 'கிருஹ ஆரோக்ய' என்று அவ்வாறே தொடங்கியது. 1924-இன் திட்டத்தில் டாக்டர் கிராமத்துக்கு வந்தார். நூறாண்டு கழித்து மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. பாலாற்றின் இரு கரையிலும் அது மாதம் தவறாமல் வந்தால், வண்டிக் கூலியும் ஒருநாள் கூலியும் குடும்பத்துக்கு மிஞ்சும்.