விஜயநகரம்: வீழ்ந்த நகரும் கைவிடப்பட்ட நகரும்

துங்கபத்திரையின் தென்கரையில், ஹம்பி என்னும் சிற்றூரைச் சூழ்ந்து, பாறைக் குன்றுகளுக்கிடையே பரந்து கிடக்கும் இடிபாடுகள் ஒரு காலத்தில் தென்னாட்டின் தலைநகராய் விளங்கியவை. 1443இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த ஏழு மதில்களைக் குறித்துச் சென்றார். 1520ஐ ஒட்டி வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயஸ் குன்றின்மேல் ஏறி நின்றும் நகரை முழுமையாகக் காண இயலவில்லை. கண்ணுக்கு எட்டிய பகுதியே உரோமாபுரியின் அளவு இருக்கும் என்று எழுதினார். மாணிக்கமும் வைரமும் முத்தும் அங்கே கடைத்தெருவில் விற்கப்பட்டன.

இத்தகைய நகர் 1565ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போரால் அழிந்தது என்பது பாடநூல்கள் ஒருவரியில் கூறிவிடும் செய்தி. பெயரளவில் சதாசிவராயர் அரசராயிருக்க, ஆட்சியை நடத்தியவர் ராமராயர். தக்காணத்துச் சுல்தான்களை ஒருவர்மீது ஒருவராய் ஏவி வளர்ந்தவர் அவர். பீஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர் ஆகிய நான்கும் ஒன்றுபட்டபோது அந்தச் சூழ்ச்சியின் விலையைத் தம் தலையாலேயே செலுத்தினார்.

போர் நடந்த இடம் கிருஷ்ணையாற்றின் அருகே. நகரோ தெற்கே பல நாள் நடைத் தொலைவில் இருந்தது. பகைவர் வந்து சேருமுன்பே ராமராயரின் தம்பி திருமலைராயர் சதாசிவராயரையும் அரண்மனைக் கருவூலத்தையும் யானைகள்மீது ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்கு வெளியேறிவிட்டார். வண்டியும் காவலும் இல்லாத மக்கள் பின்தங்கினர். சுற்றுப்புறக் காடுகளில் வாழ்ந்தவர்களே முதலில் புகுந்து கொள்ளையிட்டனர் என்பது போர்த்துக்கீசியர் வழிவந்த செய்தி. வென்ற படைகள் அதன் பின்னரே வந்தன.

ராபர்ட் சிவெல் 1900இல் வெளியிட்ட நூல் ஐந்து மாத அழிவை உருக்கமாகச் சித்திரித்தது. பிற்காலத்து நாவல்களும் நாடகங்களும் பெரும்பாலும் அச்சித்திரத்தையே பின்பற்றின. ஆயினும் 1567இல் அந்நகரில் ஏழு மாதம் தங்கிய வெனிஸ் வணிகர் சேசரே பெதரீசியின் சாட்சியம் சற்று வேறானது. படைகள் ஆறு மாதம் தங்கி வீடுகளின் அடியிலெல்லாம் பொருள் தேடியதை அவரும் கூறுகிறார். ஆனால் நகர் முற்றும் அழியவில்லை, வீடுகள் நிற்கின்றன, அவற்றில் குடியிருப்பவை புலி முதலிய விலங்குகளே என்பது அவர் கண்டது. ஒரு மாதத்தில் முடிந்திருக்கக்கூடிய அலுவலுக்கு அவர் ஏழு மாதம் காத்திருந்தார். காரணம், வழியெங்கும் கள்வர்.

அவர் கூறும் மற்றொரு செய்தி மிகவும் கருதத்தக்கது. நகருக்கு மீண்டு வந்த திருமலைராயர், குதிரைகளைக் கொண்டுவந்தால் நல்ல விலை தருவதாக வணிகர்க்குச் சொல்லியனுப்பினார். நம்பி வந்தவர்களிடம் குதிரைகளைப் பெற்றுக்கொண்டு, ஒரு காசும் கொடாமல் போகவிட்டார். குதிரை வாணிகத்தால் செழித்த ஊருக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன? மதில் இடிந்தால் மீண்டும் கட்டலாம். வணிகனிடம் சொன்ன சொல் இடிந்தால் கடைத்தெரு மீள்வதில்லை. விரைவிலேயே அரசவை பெனுகொண்டாவுக்கே திரும்பியது. பின்னர் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் படிப்படியாகத் தனியரசர் ஆயினர். 1639இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றதும், நலிந்துபோன இந்த அரசின்கீழ் இருந்த நாயக்கர் ஒருவரிடமிருந்தே.

இடிபாடுகளும் பெதரீசியின் சாட்சியத்தோடு பொருந்தி நிற்கின்றன. அரண்மனைப் பகுதியிலும் விட்டலர் கோயிலிலும் தீயின் தடயங்கள் உள்ளன. ஒற்றைக்கல் நரசிம்மர் சிதைக்கப்பட்டுள்ளார். விரூபாட்சர் கோயிலோ பெரிய சேதமின்றி நிற்கிறது, வழிபாடும் நடக்கிறது. அரசர்கள் வெட்டிய வாய்க்கால்களுள் சில இன்றும் நெல்லுக்கும் வாழைக்கும் நீர் பாய்ச்சுகின்றன. உழவர் நிலத்தை விட்டுப் போகவில்லை, ஆதலின் வாய்க்கால் பிழைத்தது.

1799ஐ ஒட்டி காலின் மெக்கன்சி இவ்விடத்தை அளந்து வரைபடம் எழுதச் செய்தார். 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த நிழற்படங்களில் மனிதர் அரிது. 1986இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. விரூபாட்சர் கோயிலுக்கு எதிரேயுள்ள பழைய கடைத்தெருவின் கல் மண்டபங்களில் அப்போது குடும்பங்கள் வாழ்ந்தன. தேநீரும் பூவும் தேங்காயும் விற்றன. நினைவுச் சின்னத்தைக் காப்பதற்கென்று 2011 ஜூலையில் அவ்வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டு, குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். தெரு மறுபடியும் வெறிச்சோடியது.