பங்காளிக் கிருமி காக்குமா?

விலங்கியல் வாத்தியார் ஓய்வு பெற்றாலும் பாடம் நடத்துவதை விடமாட்டார் என்று நீங்கள் சிரிப்பது அடி அண்ணாமலை வரை கேட்கிறது. பரவாயில்லை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். அதன் மூலக்கதை உங்களுக்குத் தெரியும். 1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைச் சீழை எடுத்து ஒரு சிறுவனுக்குக் குத்தினார். அவனுக்குப் பெரியம்மை வரவில்லை. மாட்டம்மைக் கிருமி, பெரியம்மைக் கிருமியின் பங்காளி. சாதுவான பங்காளியை ஒருமுறை பார்த்துப் பழகிய உடம்பு, முரட்டுப் பங்காளியையும் அடையாளம் கண்டு விரட்டிவிடுகிறது. 1802-இல் இந்தியாவுக்கு வந்த இந்த முறையால், 1975-க்குப் பிறகு நம் நாட்டில் பெரியம்மையே இல்லை.

இதே தந்திரம் ஒருசெல் ஒட்டுண்ணிகளிடம் பலிக்குமா? இந்தக் கேள்விக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

காலா அசார் என்ற காய்ச்சலில் மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும், தோல் கறுக்கும். மருந்து தராவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். மலேரியாவின் ஒரு வகை என்றே பலர் நினைத்திருந்தார்கள். டம்டம்மில் பணியாற்றி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மன் சில நுண்ணுருவங்களைக் கண்டு, 1903 மே மாதம் வெளியிட்டார். அதே ஆண்டு ஜூன் 17 அன்று, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தத்தில் அதையே கண்டார். உயிரோடு இருக்கும் நோயாளியிடம் கண்டது இதன் சிறப்பு. ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயரிட்டார். மணல் ஈ கடித்துத்தான் இது பரவுகிறது என்பதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தார்கள்.

இந்த ஒட்டுண்ணிக்கும் ஒரு பங்காளி உண்டு: லீஷ்மேனியா மேஜர். அது தோலில் புண் மட்டும் உண்டாக்கும். புண் ஆறினால் மீண்டும் வருவது அரிது. அதனால் மத்திய கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும், முகத்தில் தழும்பு விழாதிருக்க, குழந்தைகளுக்கு மறைவான இடத்தில் புண்ணின் சீழைக் குத்தும் வழக்கம் இருந்தது. சிலருக்கு அந்தப் புண் ஆறாமல் நீடித்ததால் பெரும்பாலான நாடுகள் அதைக் கைவிட்டன.

பெரியம்மைக் கிருமிக்குச் சுமார் 200 மரபணுக்கள். லீஷ்மேனியாவுக்கோ சுமார் 8,000. போதாததற்கு, கிருமியை விழுங்கிக் கொல்ல வரும் வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். திருடன் காவல் நிலையத்திலேயே பாய் விரித்துப் படுத்த மாதிரி!

2020-இல் அமெரிக்க, கனடா, ஜப்பான் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். லீஷ்மேனியா மேஜரில் செண்ட்ரின் என்ற மரபணுவை நீக்கினார்கள். அது இல்லாமல் ஒட்டுண்ணி உடம்புக்குள் பெருக முடியாது. கொஞ்ச காலம் இருந்து பாடம் கற்பித்துவிட்டு மறைந்துவிடும். அதைக் குத்திய சுண்டெலிகளுக்குப் புண் வரவில்லை. மணல் ஈ மூலம் நிஜ ஒட்டுண்ணியைப் புகுத்தியபோதும் பாதுகாப்பு இருந்தது. ஹாம்ஸ்டர் என்ற எலி வகையிலோ, பங்காளியான டோனவனியிடமிருந்தே காப்பு கிடைத்தது. ஈ கடியை வைத்துச் சோதித்தது முக்கியம். முன்பு ஊசிச் சோதனையில் வென்ற தடுப்பூசி, ஈ கடித்தபோது தோற்றிருக்கிறது.

எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதனுக்குப் பலித்துவிடாது. காலா அசாருக்கு மனிதருக்கான தடுப்பூசி இன்னும் சந்தைக்கு வரவில்லை. பீகார், ஜார்க்கண்ட் மண்சுவர் வீடுகளில் தரையில் படுக்கும் ஏழைகளைத்தான் இந்த நோய் அதிகம் தேடி வந்திருக்கிறது. வாங்கும் சக்தி இல்லாதவனின் நோய்க்கு ஆராய்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கும். டோனவன் நுண்ணோக்கியில் பார்த்து 120 ஆண்டுகள் தாண்டிவிட்டன.

மருத்துவமும் நுண்ணுயிரியலும் படிக்கும் என் மாணவர்களின் பிள்ளைகளே, மிச்சப் பாடம் உங்களுடையது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
அடி அண்ணாமலை