சிறிய இயந்திரமும் பெரிய வலுவும்

ஹோண்டா மோட்டார் சைக்கிளை அறியாதவர் நம் தோட்டங்களில் இலர். அந்த நிறுவனத்தின் விளையாட்டுக் கார் வரலாற்றை இன்று நாம் பார்ப்போம்.

சோய்ச்சிரோ ஹோண்டா ஜப்பானியக் கொல்லர் ஒருவரின் மகன். 1948-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்கள், 1961-இல் மான் தீவுப் பந்தயத்தில் வென்றன. சிறிய இயந்திரத்தை மிக வேகமாகச் சுழலவிட்டு வலுப் பெறுவதே அவற்றின் சிறப்பு. அதே முறையில் 1963-இல் எஸ்500 கார் வந்தது. 531 சி.சி. இயந்திரம், நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 44 குதிரைத்திறன் தந்தது. 1999-இல் வந்த எஸ்2000, இரண்டு லிட்டர் இயந்திரத்தில் 8,300 சுற்றில் 250 குதிரைத்திறன் தந்தது.

இதை ஓட்டுவது எப்படி? ஏறக்குறைய 6,000 சுற்றுக்கு மேல்தான் வால்வுகள் அதிகமாகத் திறந்து, காற்று நிறையப் புகும். அவசரப்பட்டு மேல் கியருக்குப் போனால் வலு குறைந்துவிடும். ஆகவே பந்தயத் திடலில், முள் 9,000-ஐ நெருங்கும்வரை பொறுத்தே மாற்ற வேண்டும். அதற்கு முன் எண்ணெய் அளவு சரியாயிருக்க வேண்டும். இயந்திரமும் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும்.

ஓர் ஆபத்தும் உண்டு. இயந்திரம் மிதமிஞ்சிச் சுழன்றால் பெட்ரோலை நிறுத்தும் காவல் காரிலேயே இருக்கிறது. ஆனால், வேகத்தில் தவறிக் கீழ் கியரைப் போட்டால் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றும். அப்போது அந்தக் காவல் பயன்படாது. வால்வு பிஸ்டனில் மோதி, இயந்திரம் பாழாகும்.

நம் மோட்டார் சைக்கிளுக்கும் இது பொருந்தும். காலையில் கிளப்பும் முன் எண்ணெய் பார்ப்போம். சூடேறிய பின்பே முறுக்குவோம்.