பரண்மேல தூங்கும் பொட்டி

எங்க பந்தலூர் பக்கம் லயத்து வீடுகள்ல, பரண்மேல இன்னமும் ஒரு மடிக்கணினி தூங்கிட்டிருக்கும். 'அரசு லேப்டாப்'னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்கும் ஒரு சரித்திரம் உண்டு மக்களே.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை ஏத்துக்க இந்தியா சம்மதிச்சது. அப்படித் தாயகம் திரும்பினவங்களுக்கு வேலை தர 1968-ல் அரசு தொடங்கினதுதான் டான்டீ தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிக்கிற கூலியில கணினி வாங்கறதெல்லாம் நடக்கிற காரியமா? 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கின பிறகு, ப்ளஸ் டூ பிள்ளைங்க மூலமாத்தான் பல வீட்டுக்குள்ள முதல் பொட்டி வந்தது.

முதல்ல வந்த பொட்டிகள்ல ரெண்டு இயங்குதளம். ஒண்ணு விண்டோஸ் 7. இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையா வச்சு சென்னை சி-டாக் உருவாக்கினது. எங்க பக்கம் அதை யாரு சீண்டினா? படம் பார்க்க விண்டோஸே போதுமே :-)

2020 ஜனவரி 14-ஓட விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. ரெண்டே மாசத்துல ஊரடங்கு, ஆன்லைன் வகுப்பு. பொட்டி தேவைப்பட்ட நேரத்துல பொட்டி பரண்ல.

சமீபமா இதுல சிலதை எழுப்பிப் பார்த்தேன். பாதி நோய் சின்னதுதான். மதர்போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரி தீர்ந்து, தேதி பழைய வருஷத்துக்கு ஓடியிருக்கும். உடனே எந்தத் தளமும் பாதுகாப்பில்லைன்னு உலாவி அடம்பிடிக்கும். பேட்டரி மாத்தி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 ஜிபி ஆக்கி, டெபியன் ஏத்தினா பொட்டி எழுந்து உட்காருது. அன்னிக்கு யாரும் தொடாத பாஸோட தாய்வீடுதான் இன்னிக்கு கைகொடுக்குது!

ஆனா ரீசெட்டுக்கு முன்னாடி டிஸ்க்கைத் துழாவாம விடாதீங்க. ஒரு வீட்டுப் பொட்டியில கல்யாண போட்டோ, சினிமாப் பாட்டுக்கு நடுவுல தாத்தாவோட மண்டபம் முகாம் குடும்ப அட்டை ஸ்கேன் பண்ணிக் கிடந்தது. தாயகம் திரும்பினவங்கன்னு காட்ட அந்த அட்டையைத்தான் கேட்பாங்க. அசலைக் கரையான் தின்னு வருஷமாச்சாம். ரெண்டு பென்டிரைவ்ல பிரதி, கடையில ரெண்டு பிரிண்ட். அப்புறம்தான் டிஸ்க்கை அழிச்சேன்.