35 முறை அழித்தல்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

யுனிக்ஸில் கோப்பை நீக்கும் கட்டளை 'ஆர்எம்'. அது அடியில் நம்பியிருக்கும் செயலுக்கு 1971இன் முதல் கையேட்டிலேயே 'அன்லிங்க்' என்று பெயர், அதாவது இணைப்பை அறுத்தல். பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போகிறது. பிரதி வட்டில் அப்படியே கிடக்கிறது, அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை. 'அழிச்சாச்சு' என்று அதை வாசித்துக்கொண்டது நாம்தான். 1925இல் ஃப்ராய்ட் எழுதிய மாயப்பலகை பற்றிய குறிப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. மேல்தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும், அடியிலுள்ள மெழுகில் சுவடு தங்கிவிடும்.

இந்தத் தப்பான வாசிப்பு அதிகாரத்துக்கும் நேர்ந்திருக்கிறது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணம் நிகரகுவாவின் கான்ட்ராக்களுக்குப் போன விவகாரம் 1986 நவம்பரில் வெடித்தபோது, வெள்ளை மாளிகையில் பாயிண்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் தங்கள் கணினி அஞ்சல்களை ஆயிரக்கணக்கில் நீக்கினார்கள். (அது யுனிக்ஸ் இல்லை, ஐபிஎம்மின் ப்ராஃப்ஸ்.) பேக்கப் நாடாக்களில் எல்லாம் இருந்தது. விசாரணைக் குழு எடுத்துப் படித்தது.

ஆக, பெயரை அறுத்தால் போதாது, எழுத்தின்மேல் எழுத வேண்டும். எத்தனை முறை? 1996இல் நியூசிலாந்துக்காரர் பீட்டர் கட்மன் தம் கட்டுரையில் 35 என்றார். அன்று புழக்கத்திலிருந்த வெவ்வேறு காந்தக் குறிமுறைகள் அத்தனைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. எந்த ஒரு வட்டுக்கும் 35உம் தேவைப்படாது. ஆனால் எண் மட்டும் கட்டுரையிலிருந்து கழன்று சடங்காகிவிட்டது. மந்திரம் ஓதுவதுபோல ஓதுகிறார்களே என்று கட்மனே பின்னால் சலித்துக்கொண்டார். க்னூவின் 'ஷ்ரெட்' கருவி முதலில் 25 முறை மேலெழுதியது, பிறகு 3 ஆயிற்று. அதன் கையேட்டைப் படித்துப் பாருங்கள், தான் எங்கெல்லாம் பலிக்காது என்பதைத்தான் அது அதிகம் பேசுகிறது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி கோப்பு முறைமைகளில் இன்னும் வேடிக்கை: 'பத்திரமாக அழி' என்று கோப்பின்மேல் குறி போடலாம். குறியை ஏற்றுக்கொள்ளும். அழிப்பது மட்டும் வழக்கம்போலத்தான்.

ஃப்ளாஷ் நினைவகம் வந்ததும் வாதம் முற்றியது. அங்கே 'அதே இடம்' என்பதே கிடையாது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக, மேலெழுதச் சொன்னால் வட்டு புதிய இடத்தில் எழுதும். பழையது உள்ளேயே இருக்கும். தனிக்கோப்பை மேலெழுதும் முறை எதையும் இந்த வட்டுகளில் நம்ப முடியாது என்று 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். 2015இல் ஆப்பிள் 'பத்திரமாகக் குப்பையைக் காலிசெய்' வசதியையே எடுத்துவிட்டது. உத்தரவாதம் தர முடியாது என்பதுதான் காரணம். ஃப்ரீபிஎஸ்டியின் ஆர்எம் கட்டளையில் 'பி' என்ற விருப்பம் பழைய வழக்கத்துக்காக மட்டும் இருக்கிறது, ஒன்றும் செய்யாது. ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் விடவில்லை, ஒரு முறை மேலெழுதுகிறார்கள். இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் என்பது ஒரு கட்சி. பொய்ப் பாதுகாப்பு ஆளையே காட்டிக்கொடுக்கும் என்பது எதிர்க்கட்சி.

நான் இரண்டாவது கட்சி. போலீஸ் வீட்டுக்குள் வரும்போது 35 முறை மேலெழுதிய தெம்பில் உட்கார்ந்திருப்பவனை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனாலும் இந்தக் கட்சி சொல்லும் மாற்றில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. முதல் நாளே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிடு, வேண்டாதபோது சாவியை அழித்துவிடு என்கிறார்கள். தொழில்நுட்பமாகச் சரி. ஆனால் எது ஆபத்தான எழுத்து என்பது எழுதுகிற அன்றைக்கா தெரிகிறது? பல நேரம் அரசுதான் பின்னால் வந்து அதை ஆபத்தானதாக்குகிறது. அதற்குள் முதல் நாள் போய்விட்டிருக்கும்.

சாவி கையில் இருக்கும்வரை அதையும் கேட்பார்கள். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாகக் கேட்டும் சாவியைத் தர மறுப்பதே குற்றம். அதே 2000ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவில், மறையாக்கத்தை அவிழ்க்க உதவ மறுத்தால் 7 ஆண்டுவரை சிறை.